ஐந்து தட்டு

சுரங்கத் தொழிலாளர் யூனியன் செயலாளராக இருந்தவரை ஏனோக்குக்குச் சைக்கிள், எம்.பி. ஆனதும் அம்பாசிடர். அதில் தப்பில்லை, மாரிகுப்பத்து ஜனங்களே ஓட்டுப் போட்டு ஏற்றி வைத்ததுதான். ஆனால் டெல்லியில் அவர் முதன்முதலாகப் பேசி முடித்ததும் உறுப்பினர்கள் மேசையைத் தட்டிப் பாராட்டினார்களே, அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை சத்தத்துக்கும் அடியில் யாரோ தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து தட்டு, சற்றே நிறுத்தம், மறுபடி ஐந்து.

சுரங்கத்தில் இறங்கியவனுக்கு அது தெரியும். பாறை சரிந்து சிக்கியவன் குழாயில் ஐந்து முறை தட்டுவான். கேட்டவன் அதே ஐந்தைத் திருப்பித் தட்டினால், ‘வருகிறோம்’ என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அப்புறம் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

ஏழு வருஷத்துக்கு முன்பு வேலாயுதம் என்ற தொழிலாளி சிக்கிய லெவலில் ஏனோக் அந்தத் தட்டைக் கேட்டார். பாறை இன்னும் முனகிக்கொண்டிருந்தது. மீட்கப் போகிறவர்களும் செத்துப்போவார்களே என்று பயந்தார். பதில் தட்டவில்லை. உள்ளே உயிர் இல்லை என்று சொல்லி, அந்த லெவலின் சுரங்கப்பாதையையே அடைக்கக் கையெழுத்துப் போட்டார். வேலாயுதத்தின் மனைவி சம்பங்கியிடம், உடனே போய்விட்டான் என்றும் சொல்லிவிட்டார்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். டெல்லியிலிருந்து திரும்பியதும், தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் அவள் வீட்டுக்கு ஒரு மத்தியானம் காரை விட்டுவிட்டு நடந்தே போனார்.

“தங்கச்சி, வேலாயுதம் உடனே செத்தான்னு நான் சொன்னது பொய்.”

“தெரியும்ண்ணே.” சம்பங்கி அரிசி முறத்தைத் தரையில் வைத்தாள். “உக்காருங்க. ரெண்டாம் ஷிப்ட் சங்கு ஊதட்டும்.”

சங்கு ஊதி ஓய்ந்தது. தரைக்கடியில் ஐந்து தட்டு. முறத்தில் அரிசி துள்ளியது. ஏனோக்குக்கு அழுகை வந்தது.

“தெனம் இதே நேரந்தான். நான் தட்டிப் பாத்தேன், நிக்கல. அன்னிக்குக் கேட்டவங்கதான் தட்டணும் போல.” அம்மிக் குழவியை அவர் பக்கம் உருட்டினாள்.

சலவை வேட்டியோடு முழங்காலிட்டு ஐந்து முறை தட்டினார். கீழே அடங்கிப்போயிற்று. பாவம் தீர்ந்ததென்று பெருமூச்சு விட்டார்.

சம்பங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய வேலாயுதத்தின் பழைய சுரங்கத் தொப்பியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“வரேன்னு சொல்லிட்டீங்க. அவரு காத்துனு இருப்பாரு. எப்ப எறங்கறீங்கண்ணே?”