மார்க்கர் காமிலுக்கு என்ன வேலை கொடுப்பது?

1

இந்தக் கதை சீனி சுற்றிவந்த ஒரு சரைக் காகிதத்தில் எரிச்சலோடு தொடங்கியது. உம்மா அந்தக் காகிதத்தை முழங்காலில் வைத்து நீவி என்னிடம் நீட்டினார்.

"வாப்பாக்கு செய்ய ஏலுமான தொழில் எல்லாத்தையும் இதுல எழுது."

"எழுதி யாருக்குக் குடுக்க?"

"ஒருத்தருக்கும் இல்ல. எழுதி வச்சா தொழில் ஒண்டு எங்கயாவது இரிக்கிற மாதிரி இரிக்கும்."

வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான்தான். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எழுத வேண்டிய எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பென்சிலை நாக்கில் தொட்டு மூன்று எண்கள் போட்டேன். ஒன்று, கடை. இரண்டு, கல் வியாபாரம். மூன்றுக்கு நேரே எதுவும் வரவில்லை. நிஜத்தில் அகப்படாத வேலையைக் கதையிலாவது வாப்பாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்து இந்தக் கொப்பியைத் திறந்தேன். கதைக்குள்ளும் அவருக்கு வேலை கொடுப்பது அவ்வளவு லேசாக இல்லை. பாருங்கள்.

(யாரைப் பார்க்கச் சொல்கிறேன்? கொப்பி இருப்பது அரிசிப் பானைக்குப் பின்னால். ஆனாலும் "நீங்கள்" என்று ஒருவரை எதிரே உட்காரவைக்காவிட்டால் எனக்கு வரி நகருவதில்லை. இருங்கள்.)

2

தொடக்கங்கள்:

"மழை பெய்துகொண்டிருந்தது." (பெல்மதுளையில் எந்த நாள் பெய்யவில்லை? வெட்டு.)

"மார்க்கர் காமில் என்றால் இரத்தினபுரி முழுக்க—" (பொய். கிளப் வேலிக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. வெட்டு.)

"என் வாப்பா தோற்பதற்குச் சம்பளம் வாங்கியவர்."

இது நிற்கட்டும். இது உண்மை.

தோட்டத் துரைமாரின் கிளப்பில் ஒரு பில்லியட் மேசை இருக்கிறது. பச்சைத் துணி விரித்த பெரிய மேசை. இரண்டு வெள்ளைப் பந்து, ஒரு சிவப்புப் பந்து. ஓரங்களில் ஆறு குழிகள். கோலால் பந்தைத் தட்டிப் புள்ளி சேர்க்க வேண்டும். முதலில் நூறைத் தொட்டவர் வென்றவர். துணியைத் துடைப்பது, புள்ளியைப் பலகையில் ஏற்றிச் சத்தமாகச் சொல்வது, கூட்டாளி இல்லாமல் வரும் துரையோடு ஆடுவது, இவ்வளவும் மார்க்கரின் வேலை. வாப்பா இருபத்தெட்டு வருடம் அதைச் செய்தார்.

துரையோடு ஆடினால் தோற்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் வென்றுகொண்டே இருந்த மார்க்கர் நிலைத்ததில்லை. தோற்பதிலும் முறை உண்டு. கோபக்காரத் துரையிடம் பத்துப் புள்ளியில் தோற்கலாம். நன்றாக ஆடும் துரையிடம் மூன்றில்தான் தோற்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குச் சந்தேகம் வரும். எட்டு ஆட்டத்துக்கு ஒருமுறை வென்றும் காட்ட வேண்டும். சிவப்புப் பந்து குழியின் வாய்வரை போய், ஆடி ஆடி, விழாமல் நிற்கும்படி தட்டுவதில் வாப்பா சூரர். துரைமார் "அடடா!" என்பார்களாம். வாப்பா தலையில் கை வைத்துக்கொள்வாராம்.

இப்போது அவருடைய இடது கண்ணில் புரை விழுந்துவிட்டது. போதும் என்று கிளப் செக்ரட்டரி சொல்லிவிட்டார். முதலாம் தேதி கொழும்பிலிருந்து புது மார்க்கர் வருகிறார். கிளப்புக்குப் பின்னால் நாங்கள் இருக்கும் இரண்டு அறைகளும் அவருக்கு. அதற்குள் வீட்டோடு ஒரு வேலை கிடைக்காவிட்டால் பெல்மதுளையில் கபூர் மாமாவின் துணிக்கடைக்குப் பின்னால் உள்ள சாமான் அறைக்குப் போக வேண்டும். கபூர் மாமா உம்மாவின் தம்பி. அவர் பெண்சாதி மைமூனா மாமி நல்லவர்தான். எங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் தான் நல்லவர் என்பதை ஞாபகப்படுத்தக்கூடியவர். "அங்க போறதுக்கு முந்தி அல்லாஹ் என்னய எடுத்துக்கட்டும்" என்று உம்மா ஒரு நாளைக்கு இரண்டு தரம் சொல்கிறார்.

3

முதலாவது, கடை.

கபூர் மாமா வாப்பாவைச் சீத்தைத் துணிப் பக்கம் நிறுத்தினார். முதல் ஆளாகக் கலவானைப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி வந்து விலை கேட்டாள். வாப்பா சொன்னார். அவள் குறைத்துக் கேட்டாள். வாப்பா தலையில் கை வைத்துக்கொண்டு, பெரும் வேதனையோடு, அவள் கேட்ட விலைக்கே கொடுத்தார். அவள் சந்தோஷமாகப் போய்த் தன் மூன்று தங்கைகளையும் கூட்டிவந்தாள்.

மாலையில் மாமா எங்கள் வாசலுக்கே வந்து உம்மாவிடம் முறையிட்டார்.

"ராத்தா, ஒங்கட மாப்புளக்கி என்ன? சீல விக்கச் சென்னா ஸதக்கா எண்டு சும்மா குடுக்கிறார்."

வாப்பா அமைதியாகச் சொன்னார். "மச்சான், எல்லாரும் சிரிச்சிக்கிட்டுத்தானே போனாங்க."

"சிரிப்பாங்க, சிரிப்பாங்க. நானும் ஒங்கட்ட வந்து வாங்கினா சிரிப்பன்!"

இங்கே வாப்பாவைக் கொஞ்சம் சாமர்த்தியசாலியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஒரு சதமும் இறங்குவதில்லை. படித்தபோது அது கபூர் மாமாவாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

4

இரண்டாவது, கல் வியாபாரம்.

குருவிட்டையில் இரத்தினக் கல்லுக்கு விலை பேசும்போது தரகர் இரண்டு பக்கத்துக்கும் நடுவே உட்காருவார். வாயால் விலை சொல்வதில்லை. கைகளின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலையைச் சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வாப்பாவின் விரல்கள் கோல் பிடித்த விரல்கள். எதிராளியின் கை எங்கே தயங்குகிறது என்று உடனே அறிந்துவிடும். இதுதான் இவருக்கென்றே இருக்கும் வேலை என்று நான் நம்பினேன்.

அறிந்துகொண்டார். விற்பவர் ஆசைப்படுவதை அறிந்து அவருக்குத் தோற்றார். வாங்குபவர் ஆசைப்படுவதை அறிந்து அவருக்கும் தோற்றார். இரண்டு பேரும் தழுவிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவருக்கு ஒரு பிளேன்டீ கிடைத்தது.

"அப்ப ஒங்கட பங்கு?" என்றார் உம்மா.

"கேக்க ஒரு மாதிரியா இருந்திச்சி றுகையா. நல்ல சந்தோஷமா இருந்தாங்க."

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார். வைத்த சத்தம் கிளப்பின் மேசையறைவரை கேட்டிருக்கும்.

எனக்கும் பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது? கதாநாயகன் என்றால் ஏதாவது ஒன்றை வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டும். இவர் எதிரே இருப்பவர் என்ன வேண்டுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

5

கிளப் வாச்சர் முத்துவீரன் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, வாப்பாவை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டுப் பேசுவார். நான் சன்னலுக்குப் பின்னால் நிற்பேன்.

"நானா, பெக்டரில தேயில நிறுக்குற வேல கெடக்குதாம்."

"தராசு முள்ளு தெரியோணுமே முத்துவீரன்."

"அது சரி. முள்ளு தெரிஞ்சா மட்டும் நீங்க சரியாவா நிறுப்பீங்க? கொழுந்து கொண்டாற பொம்பளைங்க மூஞ்சியப் பாத்து ரெண்டு றாத்தல் கூட்டிப் போட்டுருவீங்க. மறுநாளே தொரை ஒங்கள வெரட்டிருவாரு."

"அப்ப வேற என்ன இரிக்கி?"

"ஒங்களுக்கு ஏத்த வேல ஒன்னுதான் நானா. அதத்தான் பறிச்சிட்டாங்களே."

6

பிறகு பெரிய துரை வந்தார். (அவருக்கு ஒரு பெயர் வைக்க முயன்றேன். எந்த ஆங்கிலப் பெயரும் என் எழுத்தில் விறைத்துக்கொண்டு நிற்கிறது. பெரிய துரை என்றே இருக்கட்டும்.) வாப்பாவிடம் இருபது வருடமாக மூன்று புள்ளியில் ஜெயித்துவந்தவர் இவர்தான். போன மாதம் கொழும்புக்குப் போய், அங்கே வேறொரு மார்க்கரோடு ஆடி, அறுபது புள்ளியில் தோற்றுத் திரும்பியிருக்கிறார். அதிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை என்றார் முத்துவீரன் அண்ணன்.

துரை வாப்பாவைக் கூப்பிட்டு, தோட்டத் தமிழில் நேராகவே கேட்டாராம்.

"காமில், நீ இத்தனை வருஷம் எனக்கு வுட்டுக் குடுத்தியா?"

வாப்பா தரையைப் பார்த்திருக்கிறார்.

"சரி. சனிக்கிழமை ஒரு ஆட்டம். நெசமா ஆடு. ஜெயிச்சாலும் தோத்தாலும் எனக்கு ஒன்னுதான். நெசமா ஆடினா என் தோட்டத்து ஸ்டோர் வேல, அதோட சாவி ஒனக்கு. வீடும் உண்டு. பொய்யா ஆடினா ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அன்றைக்கு வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஜெயிச்சிருங்க" என்றார் உம்மா.

"பைத்தியமா ராத்தா?" கபூர் மாமா துள்ளினார். "வெள்ளக்காரன் நெசம் கேக்கிறதெல்லாம் வாயால. மச்சான், ஒத்தப் புள்ளியில தோத்துக் குடுங்க. அந்தாள் நிம்மதியாத் தூங்கட்டும், நீங்க சாவிய எடுத்துக்கிட்டு வாங்க."

"உண்மையா வெளயாடச் செல்லிட்டாரே" என்றார் வாப்பா. அவர் குரலில் ஒரு புதுச் சந்தோஷம் இருந்தது. "இருபத்தெட்டு வருஷத்துல என்னய ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல."

7

கிளப்புக்குள் நான் போனதில்லை. போகவும் முடியாது. சனிக்கிழமை பின்னேரம் மழைக்குள்ளே பந்து மோதும் சத்தம் மட்டும் கேட்டது. ஆகவே சில முடிவுகள் எழுதி வைத்தேன்.

முடிவு அ. வாப்பா வெல்கிறார். துரை அவருக்குக் கை கொடுக்கிறார். (மார்க்கருக்குக் கை கொடுத்த துரையை முத்துவீரன் அண்ணன் பார்த்ததில்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ. வாப்பா வெல்கிறார். துரை தன் இருபது வருட வெற்றிகளை ஒவ்வொன்றாக நினைத்துப்பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்து— (நிறுத்திவிட்டேன். துரைமேல் எனக்குப் பரிதாபம் வந்தது. அது இந்தக் கதைக்கு வேண்டாத வேலை.)

முடிவு இ. வாப்பா ஒற்றைப் புள்ளியில் தோற்றுக் கொடுக்கிறார். துரை கண்டுபிடிக்கவில்லை. சாவி கிடைக்கிறது. (இது கபூர் மாமா எழுதிய கதை. அவரே வைத்துக்கொள்ளட்டும்.)

நடந்தது இவற்றில் எதுவும் இல்லை. விளக்குத் துடைக்கும் சாக்கில் விறாந்தையில் நின்ற முத்துவீரன் அண்ணன் வேலியோரம் ஓடிவந்து சொன்னது இது.

"கடேசியில நானா தொண்ணூத்தேழு, தொரை தொண்ணூத்தெட்டு. செவப்புப் பந்து குழிக்குப் பக்கத்துல நிக்கிது. தள்ளினா மூனு புள்ளி, நூறு, ஆட்டம் முடிஞ்சிச்சி. நா தள்ளினாலே விழும் அம்மா! நானா குனிஞ்சி ரொம்ப நேரம் பாத்தாரு. அடிச்சாரு. பந்து போயி குழி வாயில ஆடி ஆடி நின்னுச்சி."

"விழல்லியா?" என்றார் உம்மா.

"விழல. தொரை அடிச்சி ரெண்டு எடுத்து நூறாக்கிட்டாரு. அப்பறம் பலகையப் பாத்தாரு. நூறு, தொண்ணூத்தேழு. மூனு புள்ளி. கோல மேசையில போட்டாரு பாருங்க, துணி கிழிஞ்சிருக்கும். 'கடேசி வரைக்கும் ஏமாத்திட்டே'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

8

வாப்பா நனைந்து வந்தார். உம்மா அறைக்குள் போய்ப் பாத்திரங்களை ஓலைக் கடகத்தில் அடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பாத்திரத்தையும் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி அடுக்கினார்.

வாப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மகள், நான் வேணுமெண்டு செய்யல்ல."

தலை துவட்டத் துண்டை நீட்டினேன்.

"குனிஞ்சி பாக்கிறன், பந்து ரெண்டாத் தெரியுது. எது உண்மையான பந்து எண்டு வெளங்கல்ல. அல்லாட காவல், நல்லாத்தான் அடிச்சன். ஜெயிக்கத்தான் அடிச்சன். கை தானாப் போய்ப் பழைய எடத்துல விட்டிச்சி."

கண் போயிருக்கலாம். கை பழகியிருக்கலாம். அல்லது எதிரே நின்ற துரையின் முகத்தில் தோற்கப்போகிறவனின் பயத்தைப் பார்த்துவிட்டு, கடைசிக் கணத்தில், வாப்பா வழக்கம்போல இரங்கியிருக்கலாம். இந்த மூன்றையும் தனித்தனியே எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றும் நம்பும்படியாகத்தான் இருக்கின்றன. அதுதான் என் ஆத்திரம். ஒரே ஒரு ஆட்டம் உண்மையாக ஆடச் சொன்னார்கள். அவரும் உண்மையாகத்தான் ஆடினார் என்று வைத்துக்கொண்டால், அதை உலகத்தில் யாரிடமும் நிரூபிக்க வழி இல்லை. பொய்யாகத் தோற்றதை எல்லாரும் உண்மை என்றார்கள். உண்மையாகத் தோற்றதை எல்லாரும் பொய் என்கிறார்கள்.

"துரை நம்பல்ல. ஒங்கட உம்மாவும் நம்பல்ல" என்றார் வாப்பா. "நீயாவது நம்புறியா?"

"நம்புறன் வாப்பா" என்றேன்.

உடனே சொன்னேன். கொஞ்சம் தாமதித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வாப்பா என் முகத்தை உற்றுப் பார்த்தார். எதிராளி வேண்டுமென்றே விட்டுக் கொடுத்தால் அதைக் கண்டுபிடிக்க அவரைவிடத் தெரிந்தவர் இந்த மாகாணத்தில் இல்லை.

நான் சொன்னது உண்மையா என்று நீங்கள் சொல்லுங்கள். நான் எழுதப்போவதில்லை. எப்படி எழுதினாலும் அவரை நானும் மூன்று புள்ளியில் ஜெயிக்கவைத்தது போலத்தான் இருக்கும். வாப்பாவோ, வெற்றி பெற்ற துரைமார் செய்வது போலத் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, உம்மாவுக்குக் கடகம் கட்ட உதவப் போனார்.