கொட்டாவி விடும் பூனை

தொற்றுநோய் பள்ளியை இழுத்து மூடியதிலிருந்து விளையாட்டு டீச்சருக்குக் கைப்பேசிதான் மைதானம். பிள்ளைகள் கேமராவை மின்விசிறிப் பக்கம் திருப்பிவிட்டு டிமிக்கி கொடுத்தார்கள். வாலு என்று பேரெடுத்தவள் மட்டும் தினமும் மொட்டைமாடியில் கயிறு தாண்டினாள். ஆனால் தினமும் அவள் பின்னால் அதே பூனை, அதே இடத்தில் நின்று, அதே மாதிரி கொட்டாவி விட்டது. அது டீச்சரின் மண்டையைக் குடைந்தது.

வகுப்பு முடிந்ததும் வாலுவை மட்டும் வீடியோவில் கூப்பிட்டார்.

"பழைய வீடியோவைப் போட்டு எனக்கேவா காதுல பூ சுத்துறே? நெஜமா என்னடி பண்றே?"

"மெதுவா பேசுங்க மிஸ்." வாலு கேமராவைத் திருப்பினாள். வீட்டில் இருப்பதே ஒரே அறை. நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் அவள் அம்மா அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். "நைட் ட்யூட்டி மிஸ். குதிச்சா முழிச்சிடுவாங்க. மாடியையும் இப்ப பூட்டிட்டாங்க."

மறுநாள் டீச்சர் விசிலை மேஜைக்குள் போட்டுப் பூட்டினார்.

"இன்னிக்குப் போட்டி. சத்தமே வராம குதிக்கணும். வீட்டுல தூங்குறவங்க முழிச்சா நீங்க அவுட்!"

அது எப்படி முடியும் என்று பார்க்கும் ஆசையில், திரையில் மின்விசிறிகள் ஒவ்வொன்றாக மறைந்து முகங்கள் வந்தன. வாலு வெறுங்காலோடு, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள்.