மூச்சு எடுக்கும் இடம்

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி என் பியானோ மேல் எறிந்தாள். "இந்த டிக்டிக்குக்கெல்லாம் என்னால வாசிக்க முடியாது. நாங்க என்ன கடிகாரமா?"

அது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. என் பியானோ, என் குரல், கூடவே அக்காவின் நால்வர் குழு. ரேடியோவுக்குப் பாட்டு எழுதுகிற நானும், இருமினால்கூட முறைக்கிற சபையில் வயலின் வாசிக்கிற அவளும் ஒரே ஆல்பத்தில் என்றதும் கம்பெனிக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவைப் பற்றிய இந்த ஒன்றுதான் பாக்கி. இன்று முடியாவிட்டால் இது இல்லாமலே ஆல்பம் வெளிவரும் என்று சொல்லிவிட்டார்கள். காதில் தாளம் காட்டும் டிக்டிக்கை ஓடவிட்டு என் பங்கை முன்பே பதிவு செய்திருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டே இவர்கள் வாசித்தால் போதும். ஆனால் அம்மா போனபிறகு அவள் கட்டிலைப் பிரித்து வைக்கிற வரி வரும்போதெல்லாம் அக்கா பின்தங்கினாள். அவளோடு மற்ற மூவரும் பின்தங்கினார்கள்.

"நீ எல்லாத்துக்கும் லேட்டுதானே," என்றேன். "அம்மாவுக்கும் லேட்டு, பாட்டுக்கும் லேட்டு."

"காபி குடிச்சிட்டு வந்து சண்டை போடலாமே," என்றார் குழுவில் செல்லோ வாசிக்கிறவர். ஒருவரும் சிரிக்கவில்லை.

சொல்லிவிட்டோமே என்று எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தது நான். துணி மாற்றியது நான். இவள் ஊர் ஊராகக் கச்சேரி பண்ணிக்கொண்டு, எந்த மாத்திரை எப்போது என்று போனில் எனக்குப் பாடம் எடுத்தாள். அடுத்த வாரம் வந்துடறேன், அடுத்த வாரம் வந்துடறேன். வந்தபோது அம்மா இல்லை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

"ஆமா, நான் வரல," என்றாள் அக்கா. "எத்தனை தடவ சொல்லிக் காட்டுவ? ஆனா நீ ஏன்டி அந்தக் கட்டில் வரியில அப்படி ஓடுற? யாரோ துரத்துற மாதிரி! எனக்கு அங்க கொஞ்சம் நிக்கணும். அப்பத்தான் நிக்கக் கெடைக்கல, இப்பவாவது நிக்க விடேன்."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவள் சொன்னது சரிதான். அந்த வரியில் நின்றால் நான் உடைந்துபோவேன். அதற்காகத்தான் டிக்டிக்கையே வைத்தேன்.

"மேடம், என்ன பண்ணட்டும்?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ரெக்கார்டிங் இஞ்சினியர் என்னைக் கேட்டான்.

"டிக்டிக்கை நிறுத்தித் தொலை. என் பங்கையும் புதுசா, எல்லாரும் சேர்ந்தே வாசிக்கிறோம்," என்றேன்.

இவர்கள் குழுவில் தாளம் காட்ட ஆள் கிடையாது. அக்கா மூக்கால் மூச்சை இழுப்பாள். அந்தச் சத்தத்தில் நான்கு வில்லும் ஒன்றாகக் கம்பியைத் தொடும். சிவப்பு விளக்கு எரிந்தது. இழுத்தாள். நான் கையைத் தூக்கவில்லை. வேண்டுமென்றேதான். வில்கள் கம்பியில் உரசி நின்றன. மறுபடி இழுத்தாள். இவள் இழுத்த இழுப்புக்கெல்லாம் நான் ஆட வேண்டுமா? பியானோக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"சரி. மூச்ச நீ எடு. எவ்வளவு நேரமானாலும் நாங்க உன்னையே பாத்துக்கிட்டிருக்கோம்."

நிமிர்ந்தேன். கம்பிகளுக்கு ஒரு விரல் மேலே நான்கு வில்கள். நான்கும் அசையாமல் நின்றன. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூக்கு அடைத்திருந்தது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தேன்.