நாற்பத்திரண்டு மூட்டுகள்

"போடா! ஏழு குட்டிக்கரணம் அடிச்ச கார்லேர்ந்து எவனாவது எந்திரிச்சு வருவானா? எல்லாம் கம்ப்யூட்டர் வேலை!"

"என்ன வேலையோ, படத்துல அது ஒண்ணுதான்டா பாக்கற மாதிரி இருந்துச்சு. அதுவும் பொறுக்கலையா உனக்கு?"

"கோடி கோடியா கொட்டி வீடியோ கேம் காட்டுறான். நீ வக்காலத்து வாங்கு!"

இடைவேளையில் முன்வரிசையில் இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். தியேட்டரில் மொத்தமே பதினோரு பேர். அவர்களுக்கு நேர் பின்வரிசையில் வெல்டரின் மனைவி அவர் விலாவில் இடித்தாள்.

"ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

"விடு. கடைசில பேர் போடுவான்ல, அப்பப் பாக்கட்டும்."

அந்தப் பந்தயக் காருக்குள், ஓட்டுகிறவன் நசுங்காமல் இருக்க இரும்புக் குழாயில் கூண்டு செய்தவர் அவர்தான். நாற்பத்திரண்டு மூட்டு. ஒவ்வொன்றும் ஆறியதும் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். தலைக்கு நேர்மேலே வரும் மூட்டு மட்டும் மொத்தையாகச் சத்தம் போட்டது; உள்ளே வெல்டு சரியாகப் பிடிக்கவில்லை. அறுத்து எடுத்துவிட்டார். படப்பிடிப்பு மேனேஜர் வந்து குதித்தார்.

"யோவ், நூறு பேர் காத்துக் கெடக்கறாங்க. பெயிண்ட் அடிச்சா யாருக்குய்யா தெரியப்போகுது?"

"உள்ள உக்காரப் போறவனுக்குத் தெரியும் சார்."

நூறு பேரும் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். கார் ஏழு முறை உருண்டு தலைகீழாக நின்றது. ஹீரோவுக்கு டூப் போட்டவன் ஊர்ந்து வெளியே வந்தான். கைதட்டிய யாரையும் திரும்பிப் பார்க்காமல், ஹெல்மெட்டோடு வந்து வெல்டரைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, ஒரு கீறல் இல்லண்ணே!"

டைரக்டரிடம் விடாமல் கேட்டு, 'கார்க் கூண்டு வெல்டிங்' என்று அவர் பெயரைப் போட வைத்தவனும் அவன்தான். படம் வெளிவந்து பத்தாம் நாள்தான் அதைப் பார்க்க வெல்டருக்கு லீவு கிடைத்தது.

படம் முடிந்தது. எழுந்தவர்களை மனைவி மறித்தாள்.

"இருங்க, இருங்க! எங்க வீட்டுக்காரர் பேரு வருது. அந்தக் காருக்குள்ள இருந்த கூண்டு இவர் பண்ணதுதான்."

திரை வெள்ளையானது. விளக்கு எரிந்தது. துடைப்பத்தோடு ஒருவர் வந்தார்.

"பேரெல்லாம் நாலாம் நாளே வெட்டிட்டாங்கம்மா. படம் இழுக்குதுன்னு ஜனங்க திட்டினாங்கல்ல, அதான்."

முன்வரிசைக்காரன் சிரித்துக்கொண்டே, கழற்றிப் போட்ட செருப்பை மாட்ட மறுபடி உட்காரப் போனான். வெல்டர் குனிந்து அந்த இருக்கையின் இரும்புக் காலை விரல் முட்டியால் தட்டினார்.

"தம்பி, பாத்து உக்காருங்க. இதுல வெல்டு விட்டிருக்கு."

மனைவி வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன். கார் ஏழு முறை உருளும் அந்தப் படத்தை முதல் மூன்று நாளில் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? 'கார்க் கூண்டு வெல்டிங்' என்பதற்கு எதிரே ஒரு பெயர் ஓடியதா? பார்த்திருந்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்த அம்மாவிடம் காட்ட வேண்டும்.