பி.ஆர்.எல். தோணி கரையேறிய விதம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம் பங்குனிக் கடைசியில் வியாபாரி தாணுலிங்கத்தின் தோணி, ஊருக்கு எதிரே இருக்கிற முயல் தீவுக்கு வெளியே கடலில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு மட்டுமே அசைந்தது. உடன்குடிக் கருப்பட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன தோணி அது. அங்கே குண்டு விழுந்த செய்தி கேட்டுப் பாதிவழியில் திரும்பியது. காற்று இருந்தது, பாயும் புடைத்துத்தான் இருந்தது, தோணி மட்டும் நின்றது. தோணியை ஓட்டுகிற தண்டல் சிலுவையும் ஆட்களும் அன்று மாலையே குதித்து நீந்திக் கரைக்கு வந்துவிட்டார்கள். தாணுலிங்கம் செம்மணல் தேரிக்காட்டில் பிறந்தவர், நீச்சல் தெரியாது. சரக்கை விட்டு இறங்கவும் மனசில்லை. அவரைக் கூட்டிவரப் போன படகுகள் எவ்வளவு துடுப்புப் போட்டும் இடைவெளி குறையவில்லை. பீப்பாயில் சோறும் தண்ணீரும் அடைத்துத் தள்ளிவிட்டால் அது தானாகப் போய்ச் சேர்ந்தது; ஆள் ஏறிய படகு சேரவில்லை. ஆனால் பேச்சு மட்டும் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டது. அதனால் அவர் அங்கே உட்கார்ந்தபடியே ஊரிலிருந்த தன் கடையை நடத்தினார்.

கப்பல் ஆபீஸ் கிளார்க் ரோச் ஒருநாள் கரையில் நின்று, எங்கே போனாலும் பெட்ரோல் கிடைக்கவில்லை என்று யாரிடமோ புலம்பினார். தோணி தன் நீளத்துக்குக் கரைப்பக்கம் வந்தது. பார்சல்கூட வரவில்லை என்றார். மறுபடியும் வந்தது. தோணியின் மூக்கில் வெள்ளைப் பெயிண்டால் பி, ஆர், எல் என்று மூன்று எழுத்துகள் எழுதப்பட்டிருந்தன. அந்த மூன்றும், எந்த வரிசையிலானாலும், உள்ளே இருக்கிற வார்த்தைக்குத் தோணி அசைகிறது என்பதை ரோச் கண்டுபிடித்தார். ஒரு வார்த்தை ஒரு தடவைதான் செல்லும். சொல்கிறவருக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்கவும் வேண்டும். ஒரு வக்கீல் குமாஸ்தா அகராதியைக் கொண்டுவந்து பொழுது சாயும்வரை உரக்க வாசித்தான். தோணி லேசாகக்கூட ஆடவில்லை.

ஊர் முழுக்க ஆளாளுக்குத் தெரிந்ததைக் கொண்டுவந்து சொன்னார்கள். முத்து விளைகிற கடல் என்பதால் பேர்ல் என்பதை ஒரே நேரத்தில் நூறு பேர் கத்தினார்கள். அது ஒன்றாகத்தான் கணக்கானது. ஏப்ரல் போயிற்று, பில்லர் போயிற்று, பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன் கார்ப்பரல் என்று சொல்லிவிட்டுப் போனான். எல்லோருக்கும் தெரிந்த ஒரு வார்த்தை மட்டும் மீதி இருந்தது. மரியாதைப்பட்ட மனுஷனைப் பார்த்து அதைச் சொல்ல யாரும் துணியவில்லை. நடுக்கடலில் தாணுலிங்கத்திடம் தூங்குமூஞ்சி என்று பேச்சு வாங்கியிருந்த சிலுவை முன்னால் வந்தான். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய, எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான்" என்று கும்பிட்டுவிட்டு, "ஸ்லிப்பர்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். தோணி வந்தது. "ஏலே சிலுவ, கரைக்கு வந்து ஒன்னப் பேசிக்கிடுதேன்" என்றார் தாணுலிங்கம்.

அத்தோடு ஊரில் வார்த்தை தீர்ந்தது. நிறையப் படித்தவர்கள், இங்கேயும் குண்டு விழும் என்று பயந்து ஊரைக் காலிசெய்து போயிருந்தார்கள். தாணுலிங்கத்தின் மகள் சீனித்தாய் எட்டாம் வகுப்புவரை படித்தவள். பெரியவளானதும் போன வருஷம் அவர்தான் அவளை நிறுத்தினார். இப்போது அம்மா சுடலைமாடத்தி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், கால் முடியாமல் ஊரில் வீட்டோடு தங்கிவிட்ட பிளாரன்ஸ் டீச்சரிடம் விட்டாள். சீனித்தாய் நாலுபேர் பார்த்தால் பேச்சு வராத பெண். பகல் முழுக்கப் பாடம் படித்துவிட்டு, சாயங்காலம் அலைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்துகொண்டு, மணலிடம் சொல்வதுபோல ஒரு வார்த்தையைச் சொல்வாள். பர்ப்பிள் என்பாள். பில்கிரிம் என்பாள். அவளுக்குத் தோணியைவிடப் பாடம் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆவணி கடைசியில் அப்பாவின் முகத்திலிருந்த வெள்ளைத் தாடி கரையிலிருந்தே தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை வேண்டும். அது அவள் நாக்கில் தயாராக இருந்தது.

அப்போதுதான் தாணுலிங்கம் பேசினார். "ஏளா சீனி, ஏரல்ல பலசரக்குக் கடக்காரன் வீட்டுல ஒன்னப் பொண்ணு கேட்டு விட்டிருக்காவ. நான் எறங்குன கையோட தையில முடிச்சிரணும். பள்ளிக்கூடச் சோலிய இதோட விட்ரு." ஏரல்காரர்கள் முந்தாநாளே கரையில் வந்து நின்று அவரோடு பேசி வெற்றிலைபாக்கைப் பீப்பாயில் அனுப்பியிருந்தார்கள். சீனித்தாய் வாயை மூடிக்கொண்டாள். மறுநாளும் மூடியே இருந்தாள். வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று ஊர் நினைத்தது. தாய்க்குத் தெரிந்துவிட்டது.

"ஏளா, ஒன் வாயில ஒண்ணு கெடக்கு."

சீனித்தாய் தலையை மட்டும் ஆட்டினாள்.

"துப்பிராத. வச்சுக்கோ."

காலையில் சுடலைமாடத்தி தானே கரைக்குப் போனாள். "பிள்ள படிச்சு முடிக்கட்டும். சரின்னா எறங்குங்க. இல்லன்னா அங்கனயே இருங்க, பீப்பாயில சோறு வரும்" என்றாள்.

"பொட்டப்பிள்ள படிச்சுக் கலெக்டராவப் போறாளோ?"

"கலெக்டரு வந்து பாத்துட்டுத்தான போனாரு. ஒங்க தோணிய இழுக்க முடிஞ்சுதா?"

தாணுலிங்கம் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். புரட்டாசி முழுக்க அப்படியே இருந்தார். தினமும் சீனித்தாய் கரைவரை வந்து அந்த முதுகைப் பார்த்துவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பினாள். ஐப்பசி மழை பிடித்தது. ஓலைச் சிப்பங்களுக்குள் கருப்பட்டி கசியத் தொடங்கியது. தோணியைச் சுற்றிக் கடல் இனிப்பாகி மீன்கள் கூட்டங்கூட்டமாக வந்தன. முகம் வாடாத வியாபாரி அதைப் பார்த்துத்தான் வாடினார். "படிக்கட்டும்" என்று கடலைப் பார்த்துச் சொன்னார். "திரும்பிச் சொல்லுங்க, ஊரு கேக்கட்டும்" என்றாள் சுடலைமாடத்தி. திரும்பிச் சொன்னார். சீனித்தாய் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, "பார்ஸ்லி!" என்றாள். தோணி வந்து மணலில் தட்டி நின்றது.

தாணுலிங்கம் தள்ளாடியபடி இறங்கினார். "அது என்னளா வார்த்த?"

"கீரப்பா. சீமக்கீர."

"ஒரு கீரைக்கா இத்தன நாளு நின்னேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டு பகல் தூங்கினார். ஏரல்காரர்களுக்கு வெற்றிலைபாக்கு திரும்பிப் போனது.

தோணி கரையோடு நிற்கவில்லை. சீனித்தாய் அந்த மூன்று எழுத்தும் உள்ள புது வார்த்தை ஒன்றைப் படிக்கும்போதெல்லாம் அவள் இருக்கும் திசையில் நகர்ந்தது. கயிறு கட்டினார்கள், அறுந்தது. மணலேறி, அடுத்த வருஷம் பீச் ரோட்டைக் கடந்தது. குதிரைவண்டிக்காரர்கள் சுற்றிப் போகப் பழகினார்கள். முனிசிபாலிட்டி ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடுங்கித் தள்ளி நட்டது. தாணுலிங்கம் விடிந்ததும் போய்த் தோணி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு வருவார். "ஏளா, நேத்து புஸ்தகத்தத் தொடலியோ? அசையக் காணுமே" என்று கேட்பார். யுத்தம் முடிந்த வருஷம் அவள் பள்ளிக் கடைசிப் பரீட்சையில் தேறினாள். அன்று தோணியின் மூக்கு வீட்டு வாசற்படியில் முட்டிக்கொண்டு நின்றது. தாணுலிங்கம் ஆசாரியை வரவழைத்து, நிலைக்கதவைப் பெயர்த்து வாசலை அகலப்படுத்தச் சொன்னார்.

"எதுக்கு அண்ணாச்சி, நல்ல நிலையால்லா இருக்கு?"

"பிள்ள காலேஜுக்குப் போவுதுல்லா" என்றார். "தோணி இன்னும் உள்ள வரும்."