வைப்பர் மோட்டார்

விடிவதற்குள் ஆறு மிஷின்களுக்கு மோட்டார் பூட்டியிருந்தோம். எங்களுடையது லாரி ரிப்பேர் பட்டறை. தொற்று வந்து லாரிகள் முடங்கியதும், முதலாளி மலிவு விலை வென்டிலேட்டரில் இறங்கினார். ரப்பர் பையை ஓர் இரும்புக் கை அமுக்கும். நோயாளியின் நெஞ்சுக்குள் காற்று போகும். அந்தக் கையை ஆட்டுவது லாரியின் வைப்பர் மோட்டார். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, 'சரி' என்று முத்திரை குத்துகிறவள் நான்.

வெல்டர் அண்ணனின் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அண்ணி, ஆஸ்பத்திரியில், நாங்கள் முன்னமே செய்து அனுப்பிய மிஷினில்தான் கிடந்தாள். ஏழு மணிக்கு நர்ஸ் அண்ணனுக்குப் போன் செய்தாள்; அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மோட்டார் சூடேறி நின்னு போச்சுங்க. கையாலதான் அமுக்கிட்டிருக்கோம். இருக்கறதே ரெண்டு பேர்."

அண்ணன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மழை விட்டால் வைப்பர் ஓய்ந்துவிடும். மூச்சுக்கு ஏது ஓய்வு? இத்தனை வருஷம் மோட்டாரோடு மாரடித்த எங்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லையே! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

முதலாளி வந்தார். "லோடு வண்டி நிக்குது. முத்திரையைக் குத்தும்மா."

"இந்த மோட்டார் தாங்காது சார். வேற மோட்டார் போட்டு, நாலு நாள் விடாம ஓட்டிப் பாக்கணும்."

"நாலு நாள்ல சாகறவங்களுக்கு நீ பதில் சொல்வியா? ஒண்ணுமில்லாததுக்கு இது தேவலாம்ல?"

கடைசல் மிஷினில் குனிந்திருந்த லேத்காரர் நிமிர்ந்தார். "தேவலாம்தான் சார். உங்க வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கீங்களா?"

முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. "இஷ்டமில்லாதவங்க கிளம்பலாம். திரும்பி இந்தப் பக்கம் வரவேண்டாம்."

முத்திரைக் கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டேன். பட்டறை ஆட்கள் ஒன்பது பேரும் வெளியே வந்தோம். அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கால் பின்வாங்கிவிடும்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். நர்ஸ் ஓடிவந்து பிளாஸ்டிக் அங்கிகளைக் கொடுத்தாள். பையை அமுக்கி அமுக்கி அவள் விரல்கள் மடங்கவில்லை.

"பிழைச்சிடுவாளாம்மா?" என்றார் அண்ணன். அவள் எங்களை உள்ளே கூட்டிப்போய், அண்ணியின் கட்டிலருகே பையை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அமுக்கினார், நான் எண்ணினேன். அவர் கை மரத்ததும் நான் வாங்கிக்கொண்டேன். அண்ணியின் உதடு கறுத்திருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் விடவில்லை.

அதே வார்டில் இன்னும் இரண்டு கட்டில்களில் எங்கள் மிஷின்கள் திணறிக்கொண்டிருந்தன. அங்கே கிடந்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. லேத்காரரும் மற்றவர்களும், யாரும் சொல்லாமலே, அந்தக் கட்டில்களருகே போய் நின்றார்கள்.