தோளில் கிடந்த வெறுங்கயிறு

“இந்தப் பசுவை ஓட்டிச் சென்ற பொழுதில் உன் நெஞ்சில் இருந்தது என்ன?” என்று உத்தமபாளையத்து நடுவர் இருதயம்மாளைக் கேட்டார். அவள் கை செய்ததை ஊரே கண்டிருக்க, ஒருவரும் காணாத நெஞ்சைப் பற்றிய அக்கேள்வியின் விடையில்தான், அவள் மகளோடு வீடு திரும்புவதும் சிறை புகுவதும் அடங்கியிருந்தன.

நற்றமிழ் அறிந்தவரே, அக்கேள்வி பிறந்த கதையைக் கேளுங்கள். இருபுறமும் மலைகள் நெடுஞ்சுவர்களாய் நிமிர்ந்து நிற்க, நடுவே முல்லையாறு வயல்தோறும் கிளைத்து, தாய்மடியில் தவழும் பிள்ளைபோல் நெளிந்தோடும் கம்பம் பள்ளத்தாக்கில், பேரியாற்று நீர் மலையைக் குடைந்துகொண்டு இப்பக்கம் வரப்போகிறதென்று வழிப்போக்கரெல்லாம் வியந்து பேசிய ஆண்டு அது. மேய்ச்சலுக்கு மலையேறியிருந்த ஆநிரைகள், மழை ஓய்ந்ததொரு மாலையில், முகில் தரையிறங்கிப் படுத்தாற்போன்ற மூடுபனியைக் கிழித்துக்கொண்டு, கழுத்துமணிகள் கலகலக்க, கொம்பு முதல் குளம்பு வரை செஞ்சேறு பூசியவையாய் அடிவாரத்தில் வந்து குவிந்தன.

இராயப்பன்பட்டியில் கணவனை இழந்து, ஒற்றைப் பசுவை நம்பி மகள் செலினை வளர்த்துவந்தவள் இருதயம்மாள். நெற்றியில் வெண்சுட்டி விளங்கிய செவலைப் பசுவொன்றைக் கண்டதும், மேய்ச்சலுக்குப் போன தன் பசுவென்றே எண்ணி, பிரிந்த பிள்ளையை மீளப் பெற்றவள்போல் ஓடிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாதா கோயில் தெரு வழியே, எதிர்ப்பட்டோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்து, வீட்டுக்கு ஓட்டிவந்தாள். மறுநாள் மாலை அதனைக் குளிப்பாட்டுகையில் தொடைச்சேறு கரைந்தது. தன் மாட்டுக்கு இட்ட சிலுவைச் சூடு இருக்கவேண்டிய இடத்தில் பிறைச்சூடு தெரிந்தது. பிறை, மார்க்கையன்கோட்டையில் பெருந்தொழுவம் உடைய நல்லகண்ணுவின் குறி. வயிற்றைத் தடவியவள் அது சினைப்பசு என்பதையும் அறிந்தாள். அவளுடையதோ இன்னும் சினைப்படாதது. ‘இதையே வைத்துக்கொண்டால் என்ன?’ என்றொரு நினைவு, முற்றத்தைக் கடக்கும் பறவையின் நிழல்போல் வந்தது, வந்தவாறே போயிற்று.

பொழுது புலர்ந்ததும் பசுவை ஒரு கையில் பிடித்து, நல்லகண்ணுவின் தொழுவத்துக்கு மாறிப்போயிருக்கும் தன் மாட்டை மீட்டுவர வெறுங்கயிறு ஒன்றைத் தோளில் இட்டுப் புறப்பட்டாள். ஆற்றுக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் வழி இரண்டாய்ப் பிரியும். ஒன்று மார்க்கையன்கோட்டைக்கு, மற்றொன்று மாட்டுச்சந்தைக்கு. அம்மரத்தை அவள் எட்டுமுன்னரே நல்லகண்ணு எதிர்ப்பட்டார்.

“ஏத்தா, நில்லு! பிறை போட்ட மாட்ட எங்கன ஓட்டிக்கிட்டுப் போற?”

“உங்க வீட்டுக்குத்தான்யா. சேத்துல அடையாளம் தெரியாம ஓட்டியாந்துட்டேன். எம்மாடு உங்க தொழுவுலதான் நிக்கணும்.”

“எந்தொழுவுல நிக்கிறது அம்புட்டும் எம்மாடு. சந்தைக்கும் இதே பாதைதான்னு எனக்குத் தெரியாதாக்கும்? நட, காவக்காரகிட்ட வந்து கதை சொல்லு!”

இவ்வாறுதான் அவள் நடுவர்முன் நிறுத்தப்பட்டாள். பிறர் முன் வாய் திறந்தறியாத அவள், முந்தானை நுனியை முறுக்கியபடியே விடையிறுத்தாள்.

“ஓட்டியாரப்ப எம்மாடுன்னுதான் நெனச்சேன் எசமான். குறியக் கண்டப்புறம், செனைமாடாச்சே, வச்சுக்கிட்டா என்னன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. பொய் சொல்லமாட்டேன். ஆனா விடிஞ்சதும் கொண்டு போய் விடத்தான் கெளம்புனேன்.”

“கேட்டீகளா எசமான்! அவ வாயாலயே சொல்லிட்டா!” என்று துள்ளினார் நல்லகண்ணு.

நடுவர் கையமர்த்தி, சான்றுப்பொருளாய் முன்னே கிடந்த கயிற்றை நோக்கினார். “நெஞ்சில் வந்து போனதற்கெல்லாம் சிறை என்றால், சிறைக்கதவைப் பூட்ட வெளியே ஓராளும் மிஞ்சமாட்டான். நீர் வழிமறித்தபோது அவள் தோளில் என்ன இருந்தது?”

சினம் மிகுந்தவரே ஆயினும் பொய் பழகாதவர் நல்லகண்ணு. “ஒரு வெறுங்கயிறு கெடந்துச்சுங்க.”

“விற்கப் போகிறவளுக்கு அது எதற்கு?”

நல்லகண்ணுவின் தொழுவத்தில் நிற்கும் சுட்டிப்பசுவைக் கொணருமாறு நடுவர் பணித்தார்.

மறுநாள் மன்றத்து வாயிலில், ஊர் கூடி நோக்க, அப்பசுவின் தொடையில் நீர் வார்த்தனர். காய்ந்த செஞ்சேறு இளகி வழிய, அதனடியிலிருந்து சிலுவை மெல்ல மெல்லத் தெளிந்தது. இருதயம்மாள் கண்ணீர் மல்கக் கைகூப்பினாள்.

“இதை ஓட்டிச் சென்ற பொழுதில் உம் நெஞ்சில் இருந்தது என்ன?” என்று நடுவர் அதே கேள்வியை நல்லகண்ணுவிடம் கேட்டார்.

“எம்மாடுன்னுதாங்க நெனச்சேன்...”

“பண்ணையாருக்கும் ஒரு வெலங்கு எடுத்தாங்கப்பா! சோடியாப் போகட்டும்!” என்று கூட்டத்தில் ஒருவன் கூவ, காவலரும் சிரித்துவிட்டனர்.

நடுவரும் முறுவலித்து, “ஓட்டிச் சென்றதே களவென்றால் இருவரும் கள்வர். களவுக்கு நெஞ்சில் வஞ்சம் வேண்டும் என்றால் இங்கே கள்வரே இல்லை. அவரவர் மாட்டோடு வீடு செல்க” என்று தீர்ப்புரைத்தார். ஒரே பாதை சந்தைக்கும் செல்லும், உடையவன் வீட்டுக்கும் செல்லும். நடப்பவர் நெஞ்சே அதனைக் களவின் வழியாகவோ அறத்தின் வழியாகவோ ஆக்குகிறது.

கூட்டம் கலைந்தது. நல்லகண்ணு மன்றத்துக்குள் சென்று, சான்றுப்பொருளாய்க் கிடந்த அவ்வெறுங்கயிற்றைத் தாமே கேட்டு வாங்கிவந்தார். சிலுவைப் பசுவின் கழுத்தில் அதனை மாட்டி, நோகாதவாறு முடிச்சை ஒருமுறை தளர்த்தி, நுனியை இருதயம்மாளின் கையில் வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்வையோ, தாம் நேற்று விரட்டிவந்த வழியின் புழுதி படிந்திருந்த அவள் கால்களின்மேல் நின்றது. பின்னர்த் தம் பிறைப்பசுவின் முதுகில் கைவைத்து, ஆற்றை நோக்கி நடந்து சென்றார்.